அண்ணன் வீட்டில் மோதிய விமானம்

எங்கள் தெருவில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. பல்செட்டு தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு விமானத்தைக் கிளப்பி, அதைக் கொண்டுபோய் நேராகச் சொந்த அண்ணன் வீட்டில் மோதுகிறானாம். இது ஒல்லியான பேச்சு. காய்கறி வண்டிப் பக்கம் போனால் கொஞ்சம் சதை போட்டிருக்கும். அங்கே மாடியில் அண்ணனை நிற்கவைத்துவிட்டுத்தான் மோதுகிறான். முடிவெட்டும் கடைக்கு வருவதற்குள் அண்ணியும் துணி காயப்போட மாடிக்கு வந்துவிடுகிறாள். தண்ணீர் லாரிக்காரர் சொல்கிற கதையில் மட்டும்தான் தீயணைப்பு வண்டி வரும்.

உண்மை எனக்குத் தெரியும். அவன் வேலை செய்கிற அறைக்கு எதிரில்தான் என் சாவிக் கடை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அது என் கைவாகு, கதையின் குற்றமில்லை.

பல்செட்டு என்றால் பல்செட்டு செய்கிறவன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவான். வங்கி வாசலில், பேருந்தில், கல்யாணப் போட்டோவில் நீங்கள் பார்க்கிற பல சிரிப்புகள் அவன் மேசையில் மெழுகாகக் கிடந்தவைதான். அவன் சிரித்து மட்டும் நான் பார்த்ததில்லை. பல் இருக்கிறதா என்றுகூட ஒரு காலத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

நல்ல மனுஷன் என்று நான் எழுதினால் அவனே அடிக்க வருவான். ஒருமுறை ஒரு டாக்டர் இவன் செய்த செட்டைத் தரையில் தவறவிட்டுவிட்டு, "உன் வேலை சரியில்லை" என்றாராம்.  அடுத்த செட்டோடு, அந்த டாக்டர் கிளினிக் தரைக்குப் பொருத்தமாக ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்து அனுப்பினான். அவன் கோபம் அப்படி. சத்தம் போடாது, அளவெடுக்கும்.

அவனுடைய அண்ணன் கட்டட கான்ட்ராக்டர். பல்செட்டு வேலை செய்யும் அறை அண்ணனுக்குச் சொந்தம். அப்பா போன பிறகு அது அண்ணன் பேருக்கு எப்படிப் போனது என்பதற்கு இரண்டு விதமான கதை உண்டு. இரண்டையும் நான் வெளியே சொல்வதில்லை, கேட்டால் ஒழிய.

ஆனால் பகை வந்தது அந்த அறையால் இல்லை, பல்லால். சாரத்திலிருந்து விழுந்ததில் அண்ணனுக்கு மேல்வரிசை போய்விட்டது. தம்பி உட்கார்ந்து ஒரு செட்டு செய்து கொடுத்தான். தம்பிக்கு அண்ணன் பழைய வாய் மனப்பாடம். ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கும், அதையும் அப்படியே திருப்பி வைத்தான். அது கட்டின பல் என்று அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு கடைத் திறப்பில் யாரோ அண்ணனிடம், "இந்த வயசுலயும் பல்லு எப்படி சார் இப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் வாயெல்லாம் பல்லாக, "எங்க பரம்பரையே அப்படிங்க. கடைசி வரைக்கும் ஒண்ணுகூட ஆடாது" என்றார். பக்கத்தில் டீ கிளாஸோடு நின்ற தம்பி சொன்னான்:

"ஆமாங்க. இவருக்குப் போன மாசம்தான் முளைச்சுது."

அன்றைக்கு முறிந்தது பேச்சு. செட்டு கொஞ்சம் லூசானால் தம்பியிடம் வந்து சரிசெய்துகொண்டு போவார் அண்ணன்; அதையும் நிறுத்திவிட்டார். வேறு இடத்துக்குப் போகவும் வெட்கம். அதனால் 'ஸ' வருகிற சொல் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து ஒரு விசில் கூடவே வரும். சிமென்ட் என்பார், குக்கர் இறக்குகிற மாதிரி இருக்கும்.

இப்போது விமானத்துக்கு வருவோம். பறக்கிற ஆசையெல்லாம் பல்செட்டுக்குக் கிடையாது. பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் தூங்கிவிடுகிறவன் அவன். ஒரு டாக்டர் கிளினிக்கை மாற்றும்போது பழைய கம்ப்யூட்டரை இவன் தலையில் கட்டினார். அதில் பிளைட் சிமுலேட்டர் இருந்தது, விமானம் ஓட்டிப் பார்க்கிற விளையாட்டு. உலகம் முழுக்க அதில் இருக்கிறதாம், எந்த ஊரிலும் ஏறலாம், எந்த ஊரிலும் இறங்கலாம் என்றார்கள். இவன் முதலில் தேடியது எங்கள் தெருவைத்தான். தெருக்கோடியைத் தாண்டி வெளியில் ஒரு சின்ன ரன்வே உண்டு, எப்போதாவது ஒரு குட்டி விமானம் வந்து போகும். கம்ப்யூட்டரில் அந்த ரன்வே இருந்தது. எங்கள் தெரு இருக்கவேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத யார் யாருடைய வீடுகளோ இருந்தன.

"யார் வாய்க்கோ யார் பல்லையோ வச்ச மாதிரி இருக்கு" என்றான். அவனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. கேமராவோடு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகப் படம் எடுத்தான். கம்ப்யூட்டரில் சுவரை எழுப்பி, படத்தை அதன்மேல் ஒட்டி, இருக்கிற இடத்தில் நிறுத்தினான். சாக்கடை வந்தது, வேகத்தடை வந்தது, என் கடைப் பலகையும் வந்தது, உடைந்த மூலையோடு. "அதையாவது ஒட்டிக் குடுத்திருக்கலாமே" என்றேன். "நீ ஒட்டு, நான் வந்து வேற படம் எடுக்குறேன்" என்றான்.

கடைசியாக வந்தது அண்ணன் வீடு. மூன்று மாடி, உச்சியில் கால்பந்து மாதிரி உருண்டையாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ரன்வேக்கு இறங்குகிற விமானம் அந்த வீட்டின் பின்பக்கமாக வந்து, மாடியை ஒட்டினாற்போல் தாண்டித்தான் போகவேண்டும். வேறு வழி கிடையாது.

வினை அங்கேதான் இருந்தது. எல்லா வீட்டையும் தாண்டி விமானம் அழகாக வரும். அண்ணன் வீடு நெருங்கும். படம் அப்படியே நின்றுவிடும். மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான். ஆனால் கையில் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு, நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டு, எந்தக் கை சும்மா இருக்கும்? விமானம் உயரமாக இருக்கிறதென்று நினைத்து அமுக்குவான். படம் திரும்ப ஓடும்போது மூக்கு தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும். மறுநாள் ஜாக்கிரதையாக அமுக்காமல் இருப்பான்; அன்றைக்கு மாடிப்படிக் கூரையில் போய்க் குத்தும்.

டீ கொண்டுவந்த அவன் மனைவி இதைப் பல நாள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் அவளுக்கும் ஓரகத்திக்கும், அதாவது கான்ட்ராக்டர் மனைவிக்கும், சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் தேங்குகிறது என்பதில் வாய்ச்சண்டை வந்தது.

"வாடகை ரூம்ல பல்லு தேய்க்கிறவன் பொண்டாட்டிக்கு வாயப் பாரு" என்றாள் மூத்தவள்.

"நீங்க பெரிய வீட்டுக்காரிதான் அக்கா. அந்தப் பெரிய வீட்டைத்தான் என் புருஷன் தினம் சாயங்காலம் இடிச்சுத் தள்ளிட்டு, அப்புறம் டீ குடிக்கிறாரு!"

தெருவே கேட்டது. வதந்தி பிறந்த இடம் இதுதான். பெற்றது தம்பி பெண்டாட்டி. வளர்த்ததில் எனக்கும் சிறிய பங்கு உண்டு.

மறுநாள் கான்ட்ராக்டர் அறை வாசலில் வந்து நின்றார். நான் ஒரு பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது.

"டேய், என் வீட்டுல பிளேன் வுடுறியாமே?"

பல்செட்டு மெழுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டு ஓனர் என்ன விஷயமா வந்திருக்காரு?" என்று சுவரைக் கேட்டான்.

"ஓனர்தான்டா. அதை ஞாபகப்படுத்தத்தான் வந்தேன். அந்தப் பெட்டியத் தூக்கி வெளிய போடு. இல்லன்னா ரூமைக் காலி பண்ணு."

"நான் மோதல. அது நிக்குது. ஹேங் ஆகுது."

"ஓஹோ. தெருவுல எல்லார் வீட்டையும் தாண்டி வந்து, என் வீட்டுலதான் ஹேங் ஆகுமோ?"

கேள்வி நியாயமான கேள்வி.  பல்செட்டு பாலிஷ் மோட்டாரைப் போட்டு ஒரு செட்டைத் தேய்த்தான். பிறகு அதை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"சரியா இறக்கிக் காட்டினா?"

"காட்டு. ஞாயித்துக்கிழமை வர்றேன், சாட்சியோட வர்றேன். என் வீட்டுல ஒரு செங்கல்லு உரசாம இறக்கு. ரூம் உன்கிட்டயே இருக்கட்டும், ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன். உரசிச்சுன்னா, பிளாஸ்டர் மூட்டையும் நீயும் ரோட்டுல."

சாட்சி என்ற சொல் விசிலோடுதான் வந்தது. நான் சிரிக்கவில்லை, இருமினேன்.

அந்த அறை போனால் அவனுக்குப் பிழைப்பு போன மாதிரி. பிளாஸ்டர் தூசியும் மோட்டார் சத்தமும் உள்ளவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? அன்றைக்கே கம்ப்யூட்டர் பெட்டியை என் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். அந்தக் கடையை நடத்துகிற அம்மாவுக்கு வாடிக்கையாளர் என்றாலே ஆகாது. பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக விரல் கனத்துக்குத் தூசி.

"என்ன அண்ணே, மாவு மில்லுல வச்சிருந்தீங்களா?"

"பல்லுக்கு ஊத்துற பிளாஸ்டர்ம்மா."

"கம்ப்யூட்டருக்கு ஒரு செட்டு கட்டிட்டீங்க போல." மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதித் தள்ளினாள். கதையைக் கேட்டாள். பிறகு ஹார்ட் டிஸ்க்கை விரலால் தட்டினாள். "இதுக்குள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு முள்ளு அதுமேல ஓடி ஓடிப் படிக்குது. சுவர் ஒரு மூலையில இருக்கும், மரம் இன்னொரு மூலையில, ரோடு வேற மூலையில. பிளேன் கிட்டப் போகப் போக எல்லாத்தையும் ஒரே நேரத்துல கேக்குறீங்க. அந்த முள்ளு எங்கண்ணே ஓடும்? நீங்க நிப்பீங்க, அது தேடும். எஸ்.எஸ்.டி. போடுங்க. அதுல சுத்துறதும் இல்ல, ஓடுறதும் இல்ல. கேட்டதும் எடுத்துக் குடுத்துடும்."

"பிளேன் இன்னும் வேகமாப் போகுமா?"

"போகாது. படம் வழுவழுன்னு ஓடுறது கிராபிக்ஸ் கார்டு வேலை. இது சீக்கிரமாத் திறக்கும், நடுவுல தடுக்கி விழாது. அவ்வளவுதான். நாளைக்கு வந்து ஏமாத்திட்டேன்னு கத்தக் கூடாது."

"நான் கத்த மாட்டேன்" என்றான் பல்செட்டு.

எனக்கு அந்த அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. கத்த மாட்டான், உண்மைதான்.

எஸ்.எஸ்.டி. என்பது வெற்றிலைப் பெட்டிகூட இல்லை, ஒரு சீப்பு அளவுதான். அதை மாட்டிக்கொண்டு வந்தபின் நிலைமை மாறியது. முன்பெல்லாம் சிமுலேட்டரைத் தட்டிவிட்டு, அது திறப்பதற்குள் ஓர் அச்சுக்குப் பிளாஸ்டர் கலந்து ஊற்றிவிடுவான். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் விமானம் ரன்வேயில் தயாராக நிற்கிறது. அவன் மனைவிக்கு அதிலும் குறை. "முன்னாடியாவது அது திறக்குற நேரத்துல கொஞ்சம் சம்பாதிச்சாரு" என்றாள்.

எங்கெங்கோ பறந்தான். மலைமேல் இறங்கினான், கடலோரம் இறங்கினான், எங்கேயும் படம் நிற்கவில்லை. எங்கள் தெருப்பக்கம் மட்டும் வரவில்லை. வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருக்கிறவன் மாதிரி, அதைக் கடைசிக்கு வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து, பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் உளவு பார்க்க வந்தாள் கான்ட்ராக்டர் மனைவி.

"வாங்க அண்ணி, நீங்களே உக்காந்து பாருங்க" என்றான் பல்செட்டு. நாற்காலியை அவனே துடைத்துப் போட்டான். அவ்வளவு தெம்பு.

விமானம் தெருவுக்குள் வந்தது. என் கடை வந்தது. அண்ணன் வீடு வந்தது. படம் நின்றது. பழையபடியே நின்றது. அது ஓட ஆரம்பித்தபோது விமானம் மொட்டைமாடியில் படுத்திருந்தது.

"ஐயோ, என் வாஷிங் மெஷின்!" என்று எழுந்து கத்தினாள் அண்ணி.

"பொம்மை வீடுக்கா அது, எதுக்குக் கத்துறீங்க?" என்றாள் இளையவள்.

"பொம்மை வீடுன்னா அதுல ஏன்டி என் பூப்போட்ட நைட்டி காயுது?"

காய்ந்தது உண்மைதான். கொடியில் ஒரு கிளிப் மட்டும் போட்டுத் தொங்கிய நைட்டியைக்கூட அவன் விடவில்லை. அண்ணி பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கான்ட்ராக்டர் ஆள் ஒருவர் வந்து, அறை வாசலை அளவெடுத்துக்கொண்டு போனார். புதுப் பூட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். தொழில் வேறு, நட்பு வேறு.

மறுபடியும் ஸ்கூட்டர், மறுபடியும் பெட்டி. கடைக்கார அம்மா திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அண்ணே, சிமுலேட்டரை எஸ்.எஸ்.டி.ல போட்டீங்க. சரி. நீங்க செஞ்ச தெரு எங்க இருக்கு?"

"பழசுல."

"ஏன்?"

"புதுசு நேத்து வந்தது. அதை நம்பி என் தெருவ எப்படிக் குடுக்குறது? உலகம் அழிஞ்சா திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம். என் தெரு அழிஞ்சா எங்க போயி டவுன்லோடு பண்றது?"

"யாருக்கும் தேவையில்லாத கண்டத்தையெல்லாம் புது வண்டியில ஏத்திட்டு, தினம் போற தெருவ மாட்டு வண்டியில வச்சிருக்கீங்க. அண்ணே, பத்திரமா வைக்கிறது வேற, ஓட்டுறது வேற. பழசுல ஒரு நகல் தூங்கட்டும். ஓடுறது புதுசுல ஓடட்டும்."

நகல் எடுக்கப் போட்டாள். ஒவ்வொரு வீடாகப் போனது. என் கடை கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அண்ணன் வீட்டு போல்டர் வந்தபோது, நகல் ஏறுவதைத் திரையில் காட்டுகிற கோடு நகரவே இல்லை.

"இதென்ன ஒரு வீடு மட்டும் விமான நிலையத்தைவிடக் கனமா இருக்கு?"

"பெரிய வீடு" என்றான் பல்செட்டு, வெளியே பார்த்துக்கொண்டு.

அவள் ஒரு படத்தைத் திறந்தாள். திரை முழுக்கக் கறுப்பாக ஒரு திட்டு. ஓதம் இறங்கிய சுவர். அடுத்த படத்தில் ஒரு விரிசல், எறும்பு போவதுகூடத் தெரிந்தது. அடுத்தது, பூச்சு உதிர்ந்து கம்பி துருத்திய இடம். எல்லார் வீட்டுக்கும் இரண்டு மூன்று படம் போட்டவன், அண்ணன் வீட்டுப் பின்சுவரை மட்டும் சாண் சாணாக எடுத்து ஒட்டியிருந்தான். தெருப்பக்கம் கண்ணாடியும் கல்லும் பதித்து, 'தரமே எங்கள் பெருமை' என்று பலகை மாட்டிய வீடு அது. பின்பக்கம் எவனும் எட்டிப் பார்க்க முடியாதபடி உயரமான காம்பவுண்டு. இவன் சாக்கடைச் சந்தில் ஏணி போட்டு ஏறி எடுத்திருக்கிறான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. விமானம் வேறெங்கும் நிற்காமல் அங்கேயே நின்றதற்கு அதுதான் காரணம். அண்ணன்மேல் இருந்த பகையை முழுக்க அந்தச் சுவரில் ஏற்றி வைத்திருக்கிறான். பழைய டிஸ்க் அதைத் தூக்க முடியாமல் திணறியிருக்கிறது.

கடைக்கார அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "இந்தப் படங்களை நான் சின்னதாக்கித் தர்றேன். அப்புறம் பழைய டிஸ்க்கே தாங்கும். ஞாயித்துக்கிழமை கண்ணை மூடிக்கிட்டு இறக்கலாம். இப்படியே வச்சீங்கன்னா, எஸ்.எஸ்.டி.ல போட்டாலும் இவ்வளவு கனத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

"ஒண்ணும் சின்னதாக்க வேண்டாம்."

"அண்ணே, உங்களுக்கு ரூம் வேணுமா, இந்த விரிசல் வேணுமா?"

"ரெண்டும்."

படங்களை அப்படியே எஸ்.எஸ்.டி.யில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். "பிழைப்புடா, விளையாடாதே" என்றேன். பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், "பள்ளம் பார்த்து ஓட்டு" என்று மட்டும் சொன்னான். அறைக்குப் போய் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் பயம் வந்துவிடும், பயம் வந்தால் படத்தைக் குறைக்கத் தோன்றிவிடும் என்று பிறகு சொன்னான். அவனுக்குப் பயம் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கான்ட்ராக்டர் வந்தார். மனைவி வந்தாள். சாட்சியாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் கூட்டிவந்தார். சங்கத்துக்கு ஒரு கூடம் கட்டப்போகிறார்கள், அந்த வேலை தனக்குத்தான் என்று கான்ட்ராக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. செயலாளர் முன்னால் தம்பியை வெளியேற்றினால் ஒரு கெத்து என்று நினைத்திருப்பார். யாரும் கூப்பிடாமல் வந்தது நான் ஒருவன்தான்.

சின்ன அறை. அலமாரியில் பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகத் திறந்தபடி இருந்தன, கூட்டம் பார்க்க வந்த மாதிரி. சாய்மானம் உள்ள ஒரே நாற்காலியில் கான்ட்ராக்டர் உட்கார்ந்தார். செயலாளருக்கு முக்காலி. பல்செட்டின் மனைவி டீ கொண்டுவந்து, ஓரகத்திக்கு மட்டும் தராமல் தட்டைத் திருப்பிக்கொண்டாள்.

"ம், ஆரம்பி உன் சர்க்கஸை" என்றார் கான்ட்ராக்டர். சர்க்கஸ் நீளமாக ஊதியது.

விமானம் கிளம்பி ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. வேண்டுமென்றே குட்டி விமானமாக எடுத்திருந்தான், மெதுவாகப் போகிறது. தெரு வந்தது. "அட, நம்ம வேகத்தடை!" என்றார் செயலாளர். அண்ணன் வீடு கிட்டே வந்தது.  எல்லார் கண்ணும் படம் நிற்கிற இடத்தில்.

நிற்கவில்லை.

பின்சுவர் திரையில் மெல்லப் பெரிதாகி, எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஓதம் வந்தது, உதிர்ந்த பூச்சு வந்தது, கம்பி வந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் செயலாளர். "இதை நிறுத்த முடியுமா?"

"தாராளமா சார்." ஒரு பொத்தானைத் தட்டினான். விமானம் அந்தரத்தில் தொங்கியது.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். "இந்தக் கறுப்பு என்ன?"

"ஓதம் சார்."

"இது கோடா?"

"விரிசல். சன்ஷேடுலேர்ந்து அஸ்திவாரம் வரைக்கும் போகுது. வேணும்னா கூடவே கீழ இறங்கிக் காட்டுறேன்."

"பொம்மையைப் பார்த்துப் பேசுறீங்களே சார்!" கான்ட்ராக்டர் எழுந்துவிட்டார். "அவனா கிறுக்கி வச்சிருக்கான்! என்மேல இருக்கிற வயித்தெரிச்சல்ல வரைஞ்சிருக்கான்!"

"வரையலீங்க" என்றாள் அவர் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது நம்ம சமையக்கட்டுப் பின்சுவர்தான். எத்தனை தடவை தலையால அடிச்சுக்கிட்டேன், பூசித் தொலைங்கன்னு. பாருங்க, அந்தக் கம்பியிலதான் என் நைட்டி கிழிஞ்சுது."

 நான் கூரையைப் பார்த்தேன். பல்செட்டு பொத்தானைத் தட்டினான். விமானம் தொட்டிக்கு மேல் ஏறித் தாண்டி, ரன்வேயில் பூ வைத்த மாதிரி இறங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை.

"உரசல" என்றான்.

செயலாளர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "கூடம் விஷயம், கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்" என்று கான்ட்ராக்டரிடம் சொன்னார். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கட்டடத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா?

"எஸ்.எஸ்.டி. போட்டு என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா" என்றார். அதில் வருகிற இரண்டு எஸ்ஸும் அவர் வாயில் ரயில் கிளம்புகிற மாதிரி ஊதின. "இதுக்கு நீ மோதியே தொலைச்சிருக்கலாம்."

"ரூமு?" என்று சுவரைக் கேட்டான் பல்செட்டு.

"வச்சுக்கிட்டு நாசமாப் போ."

இப்படித்தான் அறை தங்கியது. கூடத்தின் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. கான்ட்ராக்டர் பின்சுவரை உடைத்துப் பூசி, வெளிர்நீலத்தில் பெயின்ட் அடித்து, காம்பவுண்டில் ஒரு பகுதியைக்கூட எடுத்துவிட்டார், எல்லாரும் பார்க்கட்டும் என்று. கம்ப்யூட்டரில் மட்டும் அந்தச் சுவர் கறுப்பாகவே நிற்கிறது. புதுப் படம் எடுக்கலையா என்று கேட்டேன். ஏணி உடைந்துவிட்டது என்கிறான். அண்ணன் இன்னும் விசிலோடுதான் பேசுகிறார். தம்பி செட்டைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை. ஓரகத்திகள் சாக்கடைச் சண்டையில் தொடர்ந்து உழைக்கிறார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகும் ஊர் வாய் மூடவில்லை. போன வாரம் முடிவெட்டும் கடையில் நானும் இருந்தேன். பல்செட்டு முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தான். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், ஆள் யாரென்று தெரிந்துகொண்டு, ஆசையாகக் கேட்டார்:

"ஏங்க, தினம் சாயங்காலம் சொந்த அண்ணன் வீட்டுல பிளேனக் கொண்டுபோய் மோதுறது நீங்கதானா?"

பல்செட்டு கத்தியை ஒதுக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மோதினது பழைய டிஸ்க்கு. நான் ஏன்யா மோதணும்? மோதினா அந்தச் சுவர் போயிடும்ல? எனக்கு அது வேணும். தினம் மேலாக்க மெதுவாப் போயி, பார்த்துட்டு வர்றேன்."